வெளிநாட்டு லாட்ஜுகளுக்கு விருந்தினராகச் செல்வது: ஃபிரீமேசன் அன்பர்களின் அனுபவங்கள் தேவை

எழும்பூரான்:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் இந்திய கிராண்ட் லாட்ஜின் கீழ் இயங்கும் லாட்ஜ் ஒன்றில் மூன்று ஆண்டுகளுக்கு முன் தீட்சை பெற்றேன். சென்ற ஆண்டு மூன்றாம் படியும் முடிந்து, முழு உறுப்பினர் நிலையான மாஸ்டர் மேசன் ஆகிவிட்டேன். ஆனாலும் எழும்பூர் மண்டபத்தின் கறுப்பு வெள்ளைக் கட்டத் தரையைத் தவிர வேறொரு லாட்ஜின் தரையை இதுவரை மிதித்ததில்லை. அடுத்த மாதம் அலுவலகப் பணியாக எடின்பரோ செல்கிறேன். நான்கு மாதங்கள் அங்கே தங்க வேண்டியிருக்கும். "அவ்வளவு தூரம் போயும் லாட்ஜுக்கா?" என்று வீட்டில் கேட்டார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டதும் பேருந்து நிலையத்துக்கு எதிரே வாடகைக்கு அறை தரும் கட்டடம்தான் நினைவுக்கு வரும் என்பதால், பக்கத்தில் இருந்த மாமனாருக்கும் சேர்த்து நான் விளக்கம் சொல்ல நேர்ந்தது: ஃபிரீமேசன் என்பது கொத்தர் சங்க மரபில் வந்த, தனிச் சடங்குகள் கொண்ட சகோதர அமைப்பு; உறுப்பினர்கள் கூடும் கிளைக்குப் பெயர் லாட்ஜ், பல லாட்ஜுகளுக்கும் தலைமையானது கிராண்ட் லாட்ஜ்.

முன்பின் தெரியாத லாட்ஜின் வாசலில் போய் நின்றால் என்ன நடக்கும், எந்தத் தாள்களைக் கையில் வைத்திருக்க வேண்டும், நம் சடங்கு முறைக்கும் அவர்களுடையதற்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். சைகைகளையும் மறைச்சொற்களையும் இங்கே யாரும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

மூலைமட்டம்:

தம்பிக்கு வாழ்த்துகள். நான் இந்த அமைப்பில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருப்பவன் என்பதால் சற்று நீட்டித்தே எழுதுகிறேன்.

முதல் வேலை உங்கள் லாட்ஜின் செயலரிடம் சொல்வது. கிராண்ட் லாட்ஜ் வழங்கிய சான்றிதழும், சந்தா பாக்கி இல்லை என்பதற்கான ரசீதும் கட்டாயம் வேண்டும். அடுத்ததாக, நீங்கள் போகவிருக்கும் லாட்ஜ் எந்த கிராண்ட் லாட்ஜின் கீழ் உள்ளது என்பதையும், அதை நம் கிராண்ட் லாட்ஜ் ஏற்றிருக்கிறதா என்பதையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்காட்லாந்தைப் பொறுத்தவரை உங்களுக்குச் சிக்கல் இல்லை. நம் கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24 அன்று தொடங்கியபோது, அதுவரை இந்தியாவில் லாட்ஜுகளை நடத்திவந்த இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய மூன்று கிராண்ட் லாட்ஜுகளின் இசைவோடுதான் தொடங்கியது. அப்போது புதிய அமைப்பில் சேர விரும்பாத லாட்ஜுகள் பழைய அதிகாரத்தின் கீழேயே நின்றுவிட்டன. ஆகையால் விருந்தினராகச் சென்று பழக நீங்கள் கடல் கடக்க வேண்டியதே இல்லை; சென்னையிலேயே இங்கிலாந்து அதிகாரத்தின் கீழ் உள்ள லாட்ஜ் ஒன்றுக்கு ஒரு மாலை போய்வந்துவிட்டு விமானம் ஏறினால் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

வாசலில் நடப்பது இதுதான். கதவுக்கு வெளியே உருவிய வாளோடு டைலர் என்னும் வாயிற்காவலர் நிற்பார். உள்ளே இருப்பவர்களில் ஒருவர் உங்களோடு ஏற்கெனவே ஒரு லாட்ஜில் அமர்ந்தவராக இருந்தால், அவர் உறுதிசொல்வதே போதும். அப்படி யாரும் இல்லையென்றால் ஓரிருவர் வந்து உங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துச் சென்று கேள்வி கேட்பார்கள். தொண்ணூறுகளில் வட இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் எனக்கு இது இருபது நிமிடம் நீண்டது. நான் மனப்பாடம் செய்திருந்த வாசகத்துக்கும் கேட்டவருடைய வாசகத்துக்கும் ஆங்காங்கே சொல் மாறியது. அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. எனக்கோ தேர்வறையில் பாடத்திட்டம் மாறிவிட்ட மாணவனின் நிலை. கடைசியில் அவர் வாசகத்தை விட்டுவிட்டு, என் தீட்சை நாளன்று அறையில் என்னை எங்கே நிறுத்தினார்கள், அப்போது எதிரில் யார் அமர்ந்திருந்தார், அவர் கழுத்தில் என்ன தொங்கியது என்று கேட்கத் தொடங்கினார். அதற்கு நான் தடுமாறவில்லை. மனப்பாடத்தில் பிழை வரலாம், அந்த நாள் மறக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே போனதும் என்னைத் தம் பக்கத்திலேயே அமர்த்திக்கொண்டார்.

சடங்கு வேறுபாட்டைப் பற்றி முன்கூட்டியே கவலைப்பட வேண்டாம். லாட்ஜின் தலைவரான மாஸ்டர் கிழக்கே, அவருக்கு அடுத்த பொறுப்பாளர்களான மூத்த வார்டன் மேற்கே, இளைய வார்டன் தெற்கே என்னும் அமைப்பு இங்கு போலவே அங்கும் இருக்கும். மாஸ்டரின் கழுத்தில் மூலைமட்டமும், மூத்த வார்டனுக்கு மட்டமும், இளைய வார்டனுக்குத் தூக்குக்குண்டும் தொங்கும். அடையாளங்கள் எல்லாமே கொத்தனார் பையில் கிடக்கும் கருவிகள்தாம்.

இன்னொன்று, நீங்கள் சைவமாக இருந்தால் விருந்துப் பொறுப்பாளருக்கு ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். லண்டனில் ஒரு முறை நான் சொல்லாமல் போய், மற்றவர்கள் ஆட்டிறைச்சி உண்ண, அவித்த உருளைக்கிழங்கையும் பச்சைப் பட்டாணியையும் வைத்துக்கொண்டு ஏழு வாழ்த்துரைகளுக்கு எழுந்து நின்றேன்.

கடல்கடந்தவன்:

மூலைமட்டம் ஐயா எழுதியது பிரிட்டனுக்குப் பொருந்தும். அமெரிக்காவில் கதவு வேறு விதமாகத் திறக்கிறது என்பதைப் பின்னால் இங்கே வரப்போகிறவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். நான் கோவையில் முதல் படி மட்டும் முடித்த நிலையில் அமெரிக்காவின் தென்பகுதிக்கு வேலைக்கு வந்தவன். வந்த மாதமே அருகில் இருந்த லாட்ஜுக்கு ஆசையோடு போனேன். மிகுந்த அன்போடு சோறு போட்டார்கள். இங்கே பெரும்பாலும் கூட்டத்துக்கு முன்பே உணவு, மது கிடையாது. உண்டு முடித்ததும் எல்லாரும் மேல்மாடிக்கு ஏறினார்கள், என்னை மட்டும் கீழே இருக்கச் சொன்னார்கள். வழக்கமான கூட்டத்தை அவர்கள் மூன்றாம் படியில்தான் திறப்பார்களாம், முதற்படிக்காரனுக்கு இடமில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வீடு திரும்பினேன்.

காரணத்தைப் பிறகு தேடிப் படித்தேன். 1826இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியா ஊரில், மேசன்களின் இரகசியங்களை அச்சிடப்போவதாக அறிவித்த வில்லியம் மார்கன் என்பவர் கடத்தப்பட்டு, பின்னர் எவர் கண்ணிலும் படாமல் மறைந்துபோனார். நாடு முழுவதும் எழுந்த வெறுப்பில் லாட்ஜுகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன. மேசன்களுக்கு எதிராக ஒரு அரசியல் கட்சியே உருவானது. அந்த அலை அடங்கிய பிறகு 1843இல் பால்டிமோரில் கூடிய மாநாடு, அலுவல்களை மூன்றாம் படியில் மட்டுமே நடத்தலாம் என்று பரிந்துரைத்தது. இப்போது பல மாநிலங்கள் இதைத் தளர்த்திவிட்டன. ஆனாலும் 180 ஆண்டுகளுக்கு முந்தைய அச்சம் ஒன்று என்னை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவைத்தது என்று எண்ணும்போது இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மூன்று படிகளையும் முடித்த பிறகு வேறு லாட்ஜுகளுக்குப் போனபோது, நான் முறையாகத் தீட்சை பெற்றவன் என்று வாசலில் உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். மேசையில் பைபிள் மட்டுமே இருந்தது. கோவையில் நான் கீதையின் மீது கைவைத்தவன். தயங்கியதைப் பார்த்த டைலர், "உங்கள் நூல் எது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த முறை வரும்போது கொண்டுவந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுவதாகச் சொன்னார். அன்று பைபிளின் மீதே கைவைத்தேன். அடுத்த முறை கீதையோடு போனேன்.

இங்கே மனத்தை உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. 1775இல் பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவரும் அவரைச் சேர்ந்த பதினான்கு பேரும் அயர்லாந்து அதிகாரத்தின் கீழ் இருந்த பட்டாளத்து லாட்ஜ் ஒன்றில் தீட்சை பெற்றார்கள். உள்ளூர் வெள்ளையர் லாட்ஜுகள் அவர்களைச் சேர்க்காததால் லண்டனில் உள்ள இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜுக்கு எழுதி 1784இல் தனிப் பட்டயம் பெற்றார்கள். அந்த மரபில் வந்த லாட்ஜுகளைப் பக்கத்திலிருந்த வெள்ளையர் கிராண்ட் லாட்ஜுகள் இருநூறு ஆண்டுகள் ஏற்கவே இல்லை. 1989இல் கனெக்டிகட் முதலில் ஏற்றது. லண்டன் 1994இல் மசாசூசெட்ஸ் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜை ஏற்றது. தென்மாநிலங்கள் சில 2000ஆம் ஆண்டைக் கடந்தும் ஏற்கவில்லை. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு லாட்ஜுகள் ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்காமல் நூறாண்டு வாழ முடியும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இராது.

ஐயப்பாடு:

நான் உறுப்பினன் அல்லன்; வெளியாளாகவே கேட்கிறேன். வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் பழகிக்கொள்ள வைத்திருந்த கிளப்பைத்தானே நீங்கள் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்? உங்கள் பதிவுகளிலிருந்தே பார்க்கும்போது, கதவுக்கு வெளியே யாரையெல்லாம் நிறுத்தலாம் என்பதுதான் இந்த அமைப்பின் முதன்மையான வேலையாகத் தோன்றுகிறது.

மூலைமட்டம்:

ஐயா, உங்கள் கேள்வியைக் குற்றச்சாட்டு என்று ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் பாதி உண்மை. பம்பாயில் மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பெருமகனார் லாட்ஜில் சேர விரும்பி, அங்கே முடியாமல் பாரிஸில் தீட்சை பெற்று வந்தார். திரும்பி வந்த பிறகும் பம்பாயின் ஆங்கிலேய லாட்ஜ் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1843இல் இந்தியர்களைச் சேர்ப்பதற்கென்றே 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்ற லாட்ஜைத் தொடங்கித்தான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தா பல ஆண்டுகள் போராடினார். இந்துக்களுக்குப் பல கடவுளர், ஒரே பரம்பொருளில் நம்பிக்கை வேண்டும் என்ற விதிக்கு அவர்கள் பொருந்தமாட்டார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். 1872இல்தான் அவருக்குத் தீட்சை கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில், அதே நகரில், பிற்காலத்தில் விவேகானந்தர் ஆன இளைஞர் நரேந்திரநாத் தத்தாவும் மேசன் ஆனார்.

ஆனால் மறுபாதியையும் பாருங்கள். கல்கத்தாவில் அந்த வாதம் நடப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே, 1770களில், நம் திருச்சிராப்பள்ளியில் ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமராவுக்குத் தீட்சை அளித்திருக்கிறார்கள். அரசகுடும்பம் என்றால் கதவு தானே திறந்தது, குமாஸ்தா என்றால் விதி குறுக்கே வந்தது என்று நீங்கள் சொல்லலாம், நானும் மறுக்கமாட்டேன். பரிந்துரைக்க இருவர் வேண்டும், சந்தா கட்ட வசதி வேண்டும், மாலைகளில் ஓய்வு வேண்டும் என்ற நிலையில் இன்றும் இது எல்லாருக்குமான இடமாக இல்லை என்பது என் வருத்தம்.

வெளியாட்களுக்கு நம்மைப் பற்றி இருந்த எண்ணமும் சுவையானதுதான். வட இந்தியாவில் லாட்ஜை 'ஜாதுகர்' என்றார்கள், அதாவது மாய வித்தை வீடு. சென்னைப் பக்கத்தில் மக்கள் வைத்த பெயர் 'தலைவெட்டிக் கோவில்' என்று விக்டோரியா காலத்துச் சொல்லகராதி ஒன்று பதிந்துவைத்திருக்கிறது. சேர வருபவரின் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்கள் என்று நம்பினார்களாம். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் பழைய தலையையே ஒட்டியிருக்கிறார்கள் என்று என் மனைவி சொல்வாள்.

அடையாறுவாசி:

பெரியவர் சொன்ன வெளியே நிற்போர் பட்டியலில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஆணும் பெண்ணும் சமமாக அமரும் கூட்டு மேசன் அமைப்பைச் சேர்ந்தவள். பிரான்சில் 1882இல் மரியா தெரெய்ம் என்ற பெண்மணிக்கு ஒரு லாட்ஜ் துணிந்து தீட்சை அளித்தது. அவரும் ஜார்ஜ் மார்த்தேனும் 1893இல் தொடங்கியதே எங்கள் அமைப்பு. 1902இல் அன்னி பெசன்ட் அதில் சேர்ந்தார். அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தின் ஆலமரத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர், அதே வளாகத்தில் மேசன் கோவிலும் இருக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை.

என் கணவர் ஆண்கள் லாட்ஜில் உறுப்பினர். அவருடைய விதிப்படி அவர் என் லாட்ஜுக்கு வரக் கூடாது. நான் அவருடையதற்குப் போக முடியாது. லாட்ஜில் இடுப்பில் கட்டும் ஏப்ரன்கள் இரண்டு ஒரே அலமாரியில் தொங்குகின்றன, இரண்டும் ஒரே கதவுக்குள் போனதில்லை. 1999இல் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ், பெண்கள் மட்டும் உள்ள இரண்டு அமைப்புகளின் நடைமுறை, பெண்களைச் சேர்ப்பதைத் தவிர மற்றபடி முறையானதே என்று அறிவித்தது. ஆண், பெண் சேர்ந்து அமரும் எங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆயினும் லண்டன் போனபோது கிரேட் குவீன் தெருவில் உள்ள ஃபிரீமேசன் மண்டபத்தைப் பார்த்தேன். முதல் உலகப் போரில் இறந்த மேசன்களின் நினைவாக 1927 முதல் 1933 வரை கட்டியது. அருங்காட்சியகம் பொதுமக்கள் எவருக்கும் திறந்திருக்கிறது. பெருமண்டபத்தின் வெண்கலக் கதவுகள் ஒவ்வொன்றும் ஒன்றேகால் டன் எடை என்று வழிகாட்டி சொல்லிவிட்டு, ஒற்றைக் கையால் தள்ளித் திறந்து காட்டினார். அவ்வளவு எளிதாகத் திறக்கும் கதவை நான் அங்கேதான் பார்த்தேன்.

கோல்மன்தெரு:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மண்டபம் கோல்மன் தெருவில் 1879இல் கட்டப்பட்டது. இங்குள்ள ஜெட்லாண்ட் இன் தி ஈஸ்ட் லாட்ஜோ 1845இலேயே தொடங்கியது. இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து மூன்று அதிகாரத்தின் கீழ் உள்ள லாட்ஜுகளும் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாலைகளில் கூடுவதால், சாலையைக்கூடக் கடக்காமல் மூன்று முறைகளையும் பார்த்துவிடலாம். பீடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட திருநூல்களை விரித்துவைப்பது எங்களுக்குப் பழகிய காட்சி. புதிதாக வருபவர் தம் நூலின் மீதே உறுதிமொழி எடுப்பார்.

பாரிஸ் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே உள்ள பெரிய அமைப்பான கிராண்ட் ஓரியன்ட், 1877இல் கடவுள் நம்பிக்கை வேண்டும் என்ற விதியை நீக்கியது. அன்று முதல் லண்டனோடு உறவு முறிந்தது. நம்மைப் போன்றவர்கள் அவர்களுடைய லாட்ஜில் அமர்ந்தால் நம் உறுப்பினர் நிலைக்கே கேடு வரும். காதே தெருவில் அவர்கள் நடத்தும் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கலாம், அதில் தடையில்லை. நான் பார்த்தேன், மாலை லாட்ஜுக்கும் வரும்படி அழைத்தார்கள், மறுத்துவிட்டு வந்தேன். அழைத்தவரின் முகவாட்டம் இன்னும் நினைவில் இருக்கிறது.

எழும்பூரான்:

ஐந்து மாதங்களுக்குப் பிறகு திரும்பி வந்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி. அடையாறுவாசி அம்மையாரின் பதிவை என் மனைவியும் படித்தார். அதன் பிறகு வீட்டில் நடந்த உரையாடலை இங்கே எழுதவில்லை.

எடின்பரோ சேர்ந்ததும் ஜார்ஜ் தெருவில் உள்ள ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர்கள் காட்டிய புறநகர் லாட்ஜுக்கு முதலில் போனேன். சான்றிதழ், ரசீது, பத்து நிமிடக் கேள்விகள், அவ்வளவுதான். உள்ளே என்னைத் திகைக்கவைத்தது நிறம். நம் ஊரில் மாஸ்டர் மேசன் என்றால் வெளிர்நீலக் கரையிட்ட ஏப்ரன். அங்கே ஒவ்வொரு லாட்ஜும் தன் நிறத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். விருந்தினர் வரிசையில் பச்சை, கருஞ்சிவப்பு, கருநீலம் என்று திருவிழாக் கடைத்தெரு போல இருந்தது. சடங்கு வாசகமும் ஒரே அச்சில் இல்லை. எனக்கு மனப்பாடமான வரி ஒன்று வருமென்று காத்திருப்பேன், அது வேறு வாயிலிருந்து, வேறு இடத்தில், வேறு சொல்லோடு வரும். முதல் அரைமணி நேரம் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு ஒப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கினேன்.

எடின்பரோவின் மேரிஸ் சேப்பல் லாட்ஜ் 1599 ஜூலை முதல் கூட்டக் குறிப்புகளைப் பாதுகாத்துவருகிறது. கேனன்கேட் கில்வின்னிங் லாட்ஜின் கூடம் 1736இல் லாட்ஜுக்கென்றே கட்டப்பட்டது. இன்றும் அங்கேயே கூடுகிறார்கள். பின்னதில் ஒரு மாலை அமர்ந்தேன். இந்த ஊரில் 1599இல் உட்கார்ந்து குறிப்பெழுதியவர்கள் உண்மையிலேயே கல் செதுக்கியவர்கள். கூலி, பயிற்சிப் பையன்கள், வெளியூர்க் கொத்தர்கள் இவைதாம் அவர்களுடைய கவலை. கல்லைத் தொடாத கனவான்கள் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்: எடின்பரோ லாட்ஜினர் 1641இல் நியூகாசிலில் படையோடு இருந்தபோது சர் ராபர்ட் மரே என்பவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ஐயப்பாடு அவர்களுக்கு இதைச் சொல்ல நினைத்தேன். தொடக்கத்தில் இது கனவான்களின் கிளப்பாக இருக்கவில்லை. கனவான்கள்தாம் அங்கே விருந்தினர்.

ஒரு சங்கடமும் நேர்ந்தது. மூன்றாவதாகப் போன லாட்ஜில் அன்று மார்க் என்ற கூடுதல் படியை நடத்தினார்கள். இங்கிலாந்தில் அதற்குத் தனி அமைப்பு உண்டு. ஸ்காட்லாந்தில் சாதாரண லாட்ஜிலேயே அளிக்கிறார்கள். நான் அதைப் பெறாதவன் என்பதால், பாதியில் எழுந்து வெளியே போகும்படி மிகப் பணிவோடு கேட்டுக்கொண்டார்கள். கடல்கடந்தவன் அண்ணனின் மாடிப்படி எனக்கும் வாய்த்தது. வெளியே டைலர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சென்னையில் இந்தக் கருவிகளை என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார். மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப்போயிற்று. வாளை முழங்கால் மீது வைத்துக்கொண்டு நாலைந்து முறை சொல்லிப்பார்த்தார்.

கூட்டம் முடிந்த பின் நடக்கும் விருந்தை அங்கே 'ஹார்மனி' என்கிறார்கள். விருந்தினரைப் பாடச் சொல்வார்கள் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. எழுந்து நின்று நன்றி மட்டும் கூறி அமர்ந்தேன். போகிறவர்கள் பாட்டு ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

மூலைமட்டம்:

மகிழ்ச்சி தம்பி. அந்த மார்க் படியைச் சென்னையிலேயே பெறலாம். விவரம் வேண்டுமானால் தனிமடலில் எழுதுங்கள். சைவ உணவு கேட்டீர்களா, என்ன கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதவில்லையே?

எழும்பூரான்:

கேட்டேன் ஐயா. முதல் இரண்டு இடங்களில் அவித்த உருளைக்கிழங்கும் பச்சைப் பட்டாணியும்தான். மூன்றாவது லாட்ஜில் டைலரே உள்ளே போய்ச் சொல்லி, எனக்காகப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி வாங்கிவரச் செய்தார்.